சித்திரை வருஷப்பிறப்பு: கையிலிருக்கிற காசுக்குள் நிறைவாகச் செய்ய எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது?

கேள்வி: உவர்மலை வாசகி, திருகோணமலை

எல்லாருக்கும் வணக்கம். வீட்டில் ஏழு பேர்: நாங்கள் இருவர், 6, 10, 14 வயதில் மூன்று பிள்ளைகள், மாமா, மாமி. வருஷப்பிறப்புக்கென்று ஒதுக்கக்கூடியது 45,000 ரூபா, அதற்கு மேல் ஒரு சதமும் இல்லை. நகை அடகு வைக்கவோ கைமாற்று வாங்கவோ விருப்பமில்லை. மருத்துநீர் (தலையில் தேய்த்து முழுகுகிற மூலிகை நீர்), பொங்கல், கைவிசேடம் (பெரியவர் கையால் கொடுக்கிற காசு) மூன்றும் முறையாக நடக்க வேண்டும் என்பது மாமியின் ஆசை, என்னுடைய ஆசையும் அதுதான். ஆனால் ஏழு வகைப் பலகாரம், ஏழு பேருக்கும் பஞ்சாங்க நிறத்தில் புது உடுப்பு, வருகிற பிள்ளைகள் எல்லாருக்கும் புதுத் தாள் என்று போனால் காசும் போதாது, உடம்பும் தாங்காது. மூன்று நாளில் ஏறக்குறைய 25 பேர் வந்து போவார்கள். அயலில் ஐந்து வீட்டுக்குத் தட்டு அனுப்ப வேண்டும். அதில் இரண்டு முஸ்லிம் குடும்பம், ஒரு சிங்களக் குடும்பம்.

எதை எவ்வளவு செய்வது, எந்த நாளில் தொடங்குவது என்று கணக்கோடு சொல்ல முடிந்தவர்கள் சொல்லுங்கோ.

---

பதில் 1: கணக்குப்புத்தகம்

தங்கச்சி, முதலில் காசைப் பிரிச்சு ஏழு கடித உறையில் போடுங்கோ. கொப்பியில் எழுதினால் மட்டும் போதாது. உறையில் காசு முடிஞ்சால் அந்தச் செலவு முடிஞ்சது. 45,000 ரூபாவை நான் இப்படிப் பிரிப்பேன்:

உடுப்பு 20,000. பலகாரம், பொங்கல் சாமான் 7,000. அன்றைய மதியச் சாப்பாடு 5,000. கைவிசேடம் 4,000. கோவில், பூ, பழம், வெற்றிலை 2,500. போக்குவரத்தும் பிள்ளைகளைக் கூட்டிப் போகிற இடமும் 3,500. மிச்சம் 3,000 தொடாத காசு. எரிவாயு முடிஞ்சு போகும், ஒருவருக்குக் காய்ச்சல் வரும், எதிர்பாராமல் ஒரு குடும்பம் வந்து இறங்கும். அதற்குத்தான் இது. 15ஆம் திகதி வரை இந்த உறையைத் திறக்க வேண்டாம்.

திட்டம் எங்கே பிழைக்கிறது என்று பார்த்தால், பெரிய சாமானில் இல்லை. ஏப்ரல் 11, 12, 13 என்ற மூன்று நாளில் மத்திய வீதிக்கு நாலு தரம் போவதில்தான் பிழைக்கிறது. ஒவ்வொரு தரமும் "இதையும் எடுப்போம்" என்று பையில் ஏறுவது கூட்டிப் பார்த்தால் ஒரு பிள்ளையின் உடுப்புக் காசு. பட்டியலோடு இரண்டே தரம் போங்கோ. உலர்ந்த சாமானுக்கு மார்ச் கடைசி வாரம் ஒரு தரம்: அரிசி, உழுந்து, பயறு, சீனி, சர்க்கரை, எண்ணெய், கஜு, ஏலக்காய். பூ, பழம், மரக்கறிக்கு 13ஆம் திகதி காலை ஒரு தரம். தேங்காயை முன்கூட்டியே முழுசாக வாங்கி வைக்கலாம். உரிச்சுக் குடுமியைப் பிடுங்கினால் கெதியாகப் பழுதாகும். மட்டையோடு அல்லது குடுமியோடு நிழலில் வைத்தால் இரண்டு கிழமை நிற்கும்.

உடுப்புக்கு 20,000 என்றால் ஏழாகப் பிரிக்க வேண்டாம். பிள்ளைகள் மூன்று பேருக்கும் முழு உடுப்பு. மாமாவுக்கு வேட்டி, மாமிக்குச் சேலை. நீங்கள் இருவரும் நல்ல நிலையில் இருக்கிறதைத் தோய்ச்சு, அயன் பண்ணி உடுத்துங்கோ. 14 வயதுப் பிள்ளைக்கு அளவு மாறிக்கொண்டே இருக்கும். கொஞ்சம் பெரிதாக எடுத்து, கை, கால் மடிப்பை உள்ளே இரண்டு அங்குலம் விட்டுத் தைப்பியுங்கோ. தைக்கக் கொடுப்பதென்றால் மார்ச் நடுப்பகுதிக்குள் துணி தையல்காரரிடம் போய்ச் சேர வேண்டும். ஏப்ரல் முதல் வாரம் போனால் வேலை எடுக்க மாட்டார்கள், எடுத்தாலும் அவசரத் தையல்தான். ஒரு தோய்ப்பிலேயே கக்கம் பிரியும்.

கடனைப் பற்றி ஒரு கணக்கு. 30,000 ரூபாவை மாதம் நூற்றுக்கு 3 வட்டியில் கடன் எடுத்து ஆறு மாதத்தில் திருப்பினால் வட்டி மட்டும் 5,400. இந்தப் பட்டியலில் மதியச் சாப்பாட்டுக் காசை விட அது கூட. அரச வேலையில் இருக்கிறவர்கள் எடுக்கிற பண்டிகை முற்பணத்துக்கு இந்தப் பாரம் இல்லை. ஆனால் அதுவும் மாதாமாதம் சம்பளத்தில் கழியும், அதனால் அதை வருமானமாக எண்ணக் கூடாது. இந்த வருஷம் முடிஞ்ச கையோடு மே மாதத்தில் இருந்து மாதம் 3,500 ஒதுக்கினால் அடுத்த ஏப்ரலுக்கு முன் பதினொரு மாதத்தில் 38,500 சேரும். தெரிஞ்ச, நம்பிக்கையான ஆட்களோடு சீட்டுப் பிடிக்கிறவர்கள் மார்ச் மாதத்து ஏலத்தை எடுக்கப் பார்க்கலாம்.

---

பதில் 2: தாச்சியடி

அக்கா, ஏழு வகை வேண்டாம். பொரிக்கிறது இரண்டு வகை, அன்றைக்குச் சூடாக உழுந்து வடை, ஒரு சீப்பு கதலி வாழைப்பழம். தட்டு நிறைஞ்சிருக்கும். வகை கூடினால் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் மிஞ்சும். 20ஆம் திகதியில் ஒருவரும் தொடாமல் காறல் மணத்தோடு கிடப்பது அந்த மிச்சம்தான்.

முறுக்கு எண்ணிக்கையை இப்படிப் போடுங்கோ. வருகிற 25 பேருக்கு ஆளுக்கு இரண்டு என்றால் 50. வீட்டில் ஏழு பேருக்கு நாளுக்கு இரண்டு, மூன்று நாளுக்கு 42. ஐந்து தட்டுக்கு ஆறு ஆறாக 30. மொத்தம் 122. சின்ன முறுக்குக்குக் குழைச்ச மா 15 கிராம் போதும். அந்தக் கணக்கில் 1 கிலோ மாவும் 250 கிராம் வறுத்த உழுந்து மாவும் சேர்த்துக் குழைச்சால் 120க்கு மேல் வரும்.

அந்த 1 கிலோவில் பாதி வறுத்த அரிசி மா, பாதி அவிச்ச கோதுமை மாவாக எடுத்தால் செலவு குறையும், முறுக்கும் மென்மையாக இருக்கும். கோதுமை மாவை வெள்ளைத் துணியில் தளர்வாகக் கட்டி, நீராவியில் அரை மணித்தியாலத்துக்குக் குறையாமல் அவியுங்கோ. இறக்கின உடனே, கை சுடுகிற சூட்டிலேயே கட்டியை உடைச்சு அரிச்சுவிட வேண்டும். ஆறவிட்டால் கல்லுக்கட்டியாகிவிடும், பிறகு இடிச்சாலும் முழுசாக அரிபடாது. அந்த மணிக்கட்டிகள்தான் உரலின் கண்ணை அடைக்கிறது. இழை அறுந்து அறுந்து வருவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

எள்ளு 2 மேசைக்கரண்டி, ஓமம் 1 தேக்கரண்டி, உப்பு, மிளகாய்த்தூள் அளவுக்கு. ஒரு தேங்காயின் பாலைச் சூடாக்கி, பொங்கவிடாமல் இறக்கி, கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் குழையுங்கோ. ஏறக்குறைய 700 மில்லிலீற்றர் பிடிக்கும், மாவின் பழசு புதுசைப் பொறுத்து கூடிக் குறையும். மாவை ஒரேயடியாகக் குழைச்சு வைக்காமல் மூன்று பங்காகக் குழையுங்கோ. கடைசிப் பங்கு காத்திருந்து காய்ந்தால் பிழியக் கை வலிக்கும், முறுக்கு வெடிக்கும். மொறுமொறுப்பு வேண்டும் என்று நெய்யோ பட்டரோ அள்ளிப் போடாதேங்கோ, எண்ணெய்க்குள்ளேயே உதிர்ந்து போகும். 1 கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி காணும்.

எண்ணெய்ச் சூட்டுக்கு ஒரு துளி மாவைப் போட்டுப் பாருங்கோ. அடியில் தங்கினால் சூடு போதாது, முறுக்கு எண்ணெய் குடிக்கும். உடனே மேலே வந்து கறுத்தால் சூடு கூட. மெதுவாக எழும்பி, சுற்றிவரச் சின்னக் குமிழி விட்டால் சரி. பொரியும்போது குமிழி அடங்கினால்தான் உள்ளே ஈரம் போயிருக்கிறது. நிறத்தை மட்டும் பார்த்து எடுத்தால் அடுத்த நாள் நமத்துவிடும்.

இரண்டாவது பயத்தம் உருண்டை. வறுத்து, கோது நீக்கி அரைச்ச பயத்தம் மா 500 கிராம், சீனி 300 கிராம், ஒரு தேங்காய்த்துருவல், மிளகு அரைத் தேக்கரண்டி, ஏலக்காய் ஐந்தாறு. தேங்காய்த்துருவலைப் பொன்னிறமாக, கையில் பிசுபிசுக்காத வரை வறுக்க வேண்டும். உருண்டை பூசணம் பிடிச்சால் காரணம் எப்போதும் இந்தத் துருவலில் மிஞ்சின ஈரம்தான். சீனிப்பாகைக் கம்பிப் பதத்தில் இறக்கி, சூட்டோடு சேர்த்து, 20 கிராம் உருண்டையாகப் பிடிச்சால் 45, 50 வரும். வெந்நீர் தெளிச்சும் பிடிக்கலாம், ஆனால் மூன்று நாளுக்கு மேல் நிற்காது. தோய்க்கிற மாவுக்கு 200 கிராம் கோதுமை மா, 50 கிராம் அரிசி மா, சிட்டிகை மஞ்சள், உப்பு. விரலைத் தோய்ச்சுத் தூக்கினால் வழியாமல் விரலை மூட வேண்டும். தண்ணியாக இருந்தால் உருண்டை எண்ணெயில் உடைஞ்சு, பயத்தம் மா கரைஞ்சு, அதோடு முழு எண்ணெயும் பழுது.

அதனால்தான் ஒழுங்கு முக்கியம்: முதலில் முறுக்கு, பிறகு உருண்டை. இனிப்பு விழுந்த எண்ணெய் கெதியாகக் கறுக்கும், அதில் முறுக்குச் சுட்டால் மணம் மாறும். வடைக்குப் புது எண்ணெய் கொஞ்சமாக விடுங்கோ.

முறுக்கு 8 அல்லது 9ஆம் திகதி, உருண்டை 11ஆம் திகதி. ஒரே நாளில் இரண்டையும் வைக்காதேங்கோ, முதுகு விட்டுவிடும். ஒருவர் பிழிய, ஒருவர் பொரிக்க, ஒருவர் வடிச்சு எடுத்து அடுக்க ஆள் வேண்டும். 14 வயதுப் பிள்ளையைப் பிழிகிற இடத்தில் இருத்துங்கோ, சின்னவரை எண்ணி அடுக்கவிடுங்கோ.

ஒன்று மறந்துவிட்டேன். திருகோணமலைக் கடற்காற்றுக்கு முறுக்கு ஒரு பின்னேரத்தில் நமத்துப் போகும். முழுசாக ஆறினபிறகு, அடியில் கடதாசி போட்டு, பிஸ்கற் பேணியில் இறுக்கி மூடுங்கோ. வாறவர்களுக்கு எடுக்க வேறு சின்னப் பேணி வைத்து, பெரிய பேணியை நாளுக்கு ஒரு தரம் மட்டும் திறவுங்கோ.

---

உவர்மலை வாசகி

மிக்க நன்றி தங்கச்சி, நன்றி அண்ணா. உறை முறையை இன்றைக்கே தொடங்குகிறேன். இரண்டு சந்தேகம். ஒன்று, பஞ்சாங்கத்தில் போட்டிருக்கிற நிறத்தில் உடுப்பு இல்லையென்றால் மாமி மனவருத்தப்படுவார். அதற்கு என்ன வழி? இரண்டு, மருத்துநீரை வீட்டிலேயே காய்ச்சினால் சரியா, கோவிலில் வாங்குவதா?

---

பதில் 3: விஷு

அம்மா, பஞ்சாங்கத்தை ஒருக்கால் ஆறுதலாக வாசித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு நிறப் பட்டு, "அல்லது" இன்ன நிறக் கரை அமைந்த வஸ்திரம் என்றுதான் இருக்கும். அந்த "அல்லது" என்ற சொல்லைக் கடைக்காரர் யாரும் எடுத்துக் காட்டமாட்டார். கரை போதும். மாமாவின் வெள்ளை வேட்டியில் அந்த நிறக் கரை, மாமியின் சேலையில் அந்த நிறம், பிள்ளைகளுக்கு ஒரு சால்வையோ தாவணியோ தலைப்பட்டியோ. வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் நேரத்திலும் சில வருஷங்களில் நிறத்திலும் வேறுபடும். மாமி எதைப் பார்க்கிறவர் என்று முதலே கேளுங்கள். இரண்டையும் பார்த்து இரண்டு நிறத்திலும் உடுப்பு எடுக்கிற வீடுகள் உண்டு. அது தேவையில்லை.

மாமியோடு கதைக்கும்போது "குறைப்போம்" என்று தொடங்காமல், "மாமி, எது இல்லாவிட்டால் வருஷம் வருஷமாக இருக்காது?" என்று கேளுங்கள். பெரியவர்கள் அநேகமாக மருத்துநீரையும் பொங்கலையும் சொல்வார்கள். ஆறாவது, ஏழாவது பலகாரத்தைச் சொல்ல மாட்டார்கள். அவர் சொன்னதை அப்படியே, ஒரு குறையும் இல்லாமல் செய்துகொடுங்கள்.

மருத்துநீர் கோவிலில் வாங்குவதே நல்லது. தாழம்பூ, தாமரைப்பூ, மாதுளம்பூ, துளசி, வில்வம், அறுகு, விஷ்ணுகிராந்தி, சீதேவியார் செங்கழுநீர், பால், கோசலம், கோமயம், கோரோசனை, மஞ்சள், மிளகு, திப்பிலி, சுக்கு என்று சேர்த்துக் காய்ச்சுவது அது. இத்தனையும் ஒரு வீட்டுக்காகத் தேடி வாங்கினால் செலவும் அலைச்சலும் கூட, அரைவாசி கிடைக்கவும் கிடைக்காது. குருக்கள்மார் காய்ச்சி வைத்திருப்பார்கள். மூடியுள்ள சுத்தமான போத்தல் ஒன்று கொண்டுபோய் வாங்கி, உங்களால் இயன்ற காணிக்கை வையுங்கள். ஏழு பேருக்கு ஒரு சின்னப் போத்தல் போதும், தலையில் தேய்க்க ஆளுக்கு ஒரு கை அளவுதான். எடுத்து வைத்துப் பல நாள் கழித்துப் பூசுகிற பொருள் இல்லை, முதல் நாள் பின்னேரம் வாங்குவது நல்லது. பால் சேர்ந்தது, இந்த வெயிலுக்குப் புளித்துவிடும்.

நேரம் பற்றிப் பதற வேண்டாம். வருஷம் பிறக்கிற நேரத்துக்கு முன் 10 நாழிகை, பின் 10 நாழிகை விஷு புண்ணியகாலம். ஒரு நாழிகை 24 நிமிஷம், ஆகவே முன்னே 4 மணித்தியாலம், பின்னே 4 மணித்தியாலம். ஒரு குளியலறை உள்ள வீட்டில் ஏழு பேருக்கும் தாராளமான நேரம். அந்த நேரம் நடுச்சாமத்தில் விழுந்தால் வயதானவர்களையும் சின்னவர்களையும் முழுகச் சொல்லி வருத்த வேண்டாம், தலையில் தெளித்துவிட்டு காலையில் முழுகலாம். தலைக்கும் காலுக்கும் வைக்கிற இலை ஒவ்வொரு வருஷமும் மாறும். கொன்றை, புங்கு, வேம்பு என்று எதைப் போட்டிருந்தாலும் அயலில் மரம் இருக்கும், காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. 13ஆம் திகதி பின்னேரம் பிள்ளைகளை அனுப்பி ஆய்வித்து ஈரத்துணியில் சுற்றி வையுங்கள்.

கைவிசேடத்துக்கு 4,000 ஒதுக்கியதற்கு அந்தத் தம்பி விளக்கம் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். சொந்தத்தில் 12 பிள்ளைகள் என்று வைத்தால் ஆளுக்கு 200, அது 2,400. மிச்சம் 1,600ஐ வீட்டுக்கு உதவி செய்கிறவர்களுக்கும் தனியாக இருக்கிற முதியவர் ஒருவருக்கும் பிரியுங்கள். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே தொகை. அக்காவின் மகனுக்கு 500, அயல்வீட்டுப் பிள்ளைக்கு 100 என்றால் அது அந்த இடத்திலேயே தெரிந்துவிடும், பிள்ளைகள் எண்ணிப் பார்ப்பார்கள். வெற்றிலையில் கொஞ்சம் நெல், ஒரு பூ, அதன்மேல் காசு வைத்து, மாமா தன் கையால் கொடுக்கட்டும். பிள்ளை இரண்டு கையாலும் வாங்கி, காலில் விழுந்து எழும்பட்டும். புதுத் தாள் மாற்ற வங்கியில் வரிசையில் நிற்க வேண்டியதில்லை, சுருங்காத தாள் காணும்.

---

பதில் 4: வயல்கரை

பொங்கல் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் பெரும்போக அறுவடை முடிஞ்சு புது அரிசி வந்திருக்கிற காலம் இது. புதுப் பச்சையரிசி தண்ணீர் குறைவாகக் குடிக்கும், கெதியாகக் குழையும். பழைய அரிசிக்கு விடுகிற தண்ணீரை விட்டால் கஞ்சியாகிவிடும். ஒரு சுண்டு அரிசியை முதல்நாளே சோறாக்கிப் பார்த்தால் அளவு பிடிபடும்.

ஏழு பேருக்கும் படைக்கவும் அயலுக்குக் கொடுக்கவும் 500 கிராம் அரிசி, 125 கிராம் வறுத்த பயறு, 500 கிராம் சர்க்கரை, ஒரு தேங்காய்ப் பால், கஜு 50 கிராம், முந்திரிகை வற்றல் 50 கிராம், ஏலக்காய், ஒரு மேசைக்கரண்டி நெய். பானை 5 லீற்றருக்குக் குறையக் கூடாது. சர்க்கரையை அரிசி நன்றாகக் குழைஞ்ச பிறகுதான் போட வேண்டும். முந்திப் போட்டால் அதற்குப் பிறகு அரிசி வேகாது, எவ்வளவு நேரம் எரிச்சாலும் நடுவில் விறைப்பு இருக்கும். சர்க்கரையில் மண்ணும் தும்பும் இருக்கும், கொஞ்சத் தண்ணீரில் கரைச்சு வடிச்சு விடுங்கோ. தலைப்பாலை சர்க்கரைக்குப் பிறகு, நெருப்பைக் குறைச்சுவிட்டு, கடைசியில் சேர்க்க வேண்டும். பெரிய நெருப்பில் விட்டால் திரியும்.

மதியத்துக்கு 5,000 ரூபாவில் ஏழு கறி வேண்டாம். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, பூசணிக்காய், ஒரு கீரை, அப்பளம், மோர்மிளகாய், பாயாசம். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் இருந்து வருகிற சட்டித் தயிர் ஒன்று வைத்தால் சாப்பாடு நிறைஞ்சுவிடும். தட்டு போகிற முஸ்லிம், சிங்கள வீடுகளுக்கும் இந்தப் பலகாரங்கள் எல்லாம் பொருந்தும், வேறு ஒன்றும் தனியாகச் செய்யத் தேவையில்லை. ஆனால் ஒன்று கவனியுங்கோ. சிங்கள வீட்டிலும் அன்றைக்குப் புத்தாண்டு. அவர்களுடைய புண்ணிய நேரத்தில் அடுப்பு அணைச்சு, வேலை எல்லாம் விட்டிருப்பார்கள். அது முடிஞ்சு அவர்கள் முதல் சாப்பாடு சாப்பிட்ட பிறகு தட்டைக் கொடுங்கோ. திருப்பித் தட்டு அனுப்ப வேண்டும் என்று அவர்கள் சிரமப்படாமல் இருக்க, வாழையிலையில் அல்லது கடதாசிப் பெட்டியில் வைத்துக் கொடுப்பது நல்லது.

---

பதில் 5: கடற்கரைக் காற்று

வெளியே போவது பற்றி மட்டும். 3,500 ரூபாவுக்குள் பிள்ளைகளுக்கு நல்ல நாள் ஒன்று கிடைக்கும். கோணேசர் கோவிலுக்குக் காலை 9 மணிக்கு முன் போங்கோ. சித்திரை வெயிலில் பத்து மணிக்குப் பிறகு அந்தக் கல்லில் வெறுங்காலோடு மாமாவும் மாமியும் நடக்க முடியாது. கோவில் இருக்கிற கோட்டைக்குள் மான்கள் நிற்கும், சின்னவருக்கு அதுவே போதும். பலகாரத்தையோ பொலித்தீனையோ மானுக்குக் கொடுக்க விடாதேங்கோ.

பின்னேரம் டச்சுக்குடா கடற்கரை. ஏப்ரலில் எங்கட பக்கத்துக் கடல் அமைதி, ஆனாலும் பிள்ளைகள் முழங்காலுக்கு மேல் இறங்கினால் பெரியவர் ஒருவர் கூடவே நிற்க வேண்டும். முறுக்கும் ஒரு பெரிய போத்தல் தேசிக்காய்த் தண்ணியும் கொண்டுபோனால் அங்கே வாங்குவது ஐஸ்கிறீம் மட்டும்தான். ஆளுக்கு ஒன்று என்று வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப் போங்கோ. கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போக ஆசை என்றால் 14, 15ஆம் திகதிகளில் வேண்டாம், ஏழு கிணற்றையும் சுற்றிச் சனம் நிறைஞ்சிருக்கும். ஒரு கிழமை கழிச்சு வேலைநாள் காலையில் போனால் பிள்ளைகள் ஒவ்வொரு கிணறாகக் கை வைத்து எது கூடச் சுடுகிறது என்று ஆறுதலாகப் பார்க்கலாம்.

---

உவர்மலை வாசகி

எல்லாருக்கும் நன்றி. ஐயா சொன்ன மாதிரியே மாமியிடம் கேட்டேன். மருத்துநீர், பொங்கல், மாமா கையால் கைவிசேடம், இவை மூன்றும்தான் சொன்னார். பிறகு தானாகவே, "பயத்தம் உருண்டையை நான் பிடிச்சுத் தாறன்" என்றார். 11ஆம் திகதிக்கு அவரை எழுதிவிட்டேன். கோதுமை மா அவிக்கிற வெள்ளைத் துணிக்குப் பழைய வேட்டித் துண்டு சரிதானே?

---

தாச்சியடி

சரி அக்கா. சவர்க்கார மணம் இல்லாமல் வெந்நீரில் இரண்டு தரம் அலசிக் காயவைச்சு எடுங்கோ. மணம் இருந்தால் மாவில் ஏறிவிடும்.